கேம் நடுவே திரை ஏன் இருள்கிறது?

மணிமங்கலத்தில் மே மாதப் பிற்பகல். அண்ணன் கம்பெனி பஸ் ஏறி ஷிப்ட்டுக்குப் போயிருக்கிறார். அவருடைய லேப்டாப் மெத்தைமேல் திறந்து கிடக்கிறது. திரையில் போர் நடக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் நரசிம்மவர்ம பல்லவன் இரண்டாம் புலிகேசியை முறியடித்த களங்களில் ஒன்றாகக் கூரம் செப்பேடு சொல்லும் ஊர் இது. இன்றைய போரை ஒரு சின்னப் பெட்டி நடத்துகிறது. முதலில் ஃபேன் இரையத் தொடங்குகிறது. கொஞ்ச நேரத்தில் படை திக்கித் திக்கி நகர்கிறது. 'லேக் ஆகுது' என்கிறோம். சட்டென்று திரை கறுப்பாகிவிடுகிறது.

பவர் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள். முதலில் காதைக் கொடுத்துக் கேளுங்கள். கேமின் சத்தம் இன்னும் வருகிறதா? இந்த ஒரு கேள்வியே கோளாற்றை இரண்டாகப் பிரித்துவிடும். சத்தம், விளக்கு, ஃபேன் எல்லாம் ஒரே நொடியில் நின்றிருந்தால், பெரும்பாலும் சூடு தாங்காமல் இயந்திரம் தன்னைத்தானே அணைத்துக்கொண்டது என்று எடுத்துக்கொள்ளலாம். சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தால், கணினி உயிரோடு இருக்கிறது. படம்தான் வழியில் எங்கோ தொலைந்துவிட்டது. ஆக, நாம் தேட வேண்டிய வழிகள் இரண்டு: வெப்பம் வெளியேறும் வழி, படம் திரைக்கு வரும் வழி.

வெப்பத்திலிருந்து தொடங்குவோம். லேப்டாப் சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் வோல்ட், ஆம்பியர் கணக்கு இருக்கும். சாதாரண லேப்டாப் சார்ஜர் ஒன்றில் 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர் என்று போட்டிருக்கலாம். பெருக்கினால் 65 வாட். கேமுக்கென்றே விற்கும் லேப்டாப் ஒன்றில் 9.23 ஆம்பியர் இருக்கலாம். அது 180 வாட். அவ்வளவு மின்சாரமும் எங்கே போகிறது? கொஞ்சம் ஒளியாகவும் ஒலியாகவும் வெளியேறுகிறது. சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தால் கொஞ்சம் பேட்டரிக்குள் போகிறது. மிச்சம் முழுவதும் வெப்பம். திரையில் எத்தனை கோட்டை இடிந்தாலும் பெட்டிக்குள் உண்மையில் நடப்பது சிப்பில் உள்ள கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் மாறி மாறித் திறந்து மூடுவதுதான். ஒவ்வொரு முறையும் துளி வெப்பம் பிறக்கிறது. கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய சிலிக்கான் துண்டில் இத்தனையும் நடக்கிறது.

அந்தத் துண்டின் தலைமேல் ஒரு செம்புத் தகடு உட்கார்ந்திருக்கும். இரண்டுக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு பசை, தெர்மல் பேஸ்ட். வழவழப்பான இரண்டு பரப்புகளுக்கு நடுவே பசை எதற்கு? நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டிலும் மேடும் பள்ளமும் இருக்கும். பள்ளங்களில் காற்று தங்கிவிடும். செம்பைவிடக் காற்று சுமார் 15,000 மடங்கு மோசமாக வெப்பத்தைக் கடத்துகிறது. அந்தக் காற்றை வெளியே தள்ளிவிட்டு இடத்தை நிரப்பத்தான் பசை. சில ஆண்டுகளில் அது காய்ந்து பொருக்குத் தட்டிவிடும்.

செம்புத் தகட்டிலிருந்து தட்டையான ஒரு குழாய் ஓரத்துக்குப் போகிறது. எனக்கு இந்த முழுப் பெட்டியிலும் மிகப் பிடித்த பாகம் இதுதான். பெயர் ஹீட் பைப். வெறும் செம்புக் கம்பி என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளே காற்றை எடுத்துவிட்டுத் துளித் தண்ணீரை வைத்து மூடியிருக்கிறார்கள். காற்றழுத்தம் இல்லாததால் அந்தத் தண்ணீர் 100 டிகிரிக்குக் காத்திருக்காது. சிப் சூடேறத் தொடங்கியதுமே ஆவியாகிவிடும். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகும்போது 2,200 ஜூலுக்கு மேல் வெப்பத்தை விழுங்கிக்கொள்ளும். ஆவி குழாயின் மறுமுனைக்கு ஓடி, அங்கே குளிர்ந்து மீண்டும் தண்ணீராகி, விழுங்கியதை எல்லாம் அங்கே இறக்கிவைக்கிறது. குழாயின் உட்சுவரில் செம்புத் துகள்களாலான ஒரு படலம் உண்டு. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறும் அதே நுண்புழை விசையால் தண்ணீர் அதன் வழியே திரும்பவும் சிப்பின் அருகே வந்துவிடும். மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. இது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். 1963-ல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் இதைச் செய்துகாட்டினார். செயற்கைக்கோள்களுக்குள் வெப்பத்தைக் கடத்துவதும் இந்தக் குழாய்தான்.

குழாயின் மறுமுனையில் நெருக்கமாக அடுக்கிய மெல்லிய தகடுகள். ஃபேன் அவற்றின் ஊடே காற்றை ஊதி வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. வழி அடைபடுவது பெரும்பாலும் இங்கேதான். ஒரகடம் பக்கம் நாள் முழுவதும் லாரி ஓடுகிறது, கட்டட வேலை நடக்கிறது. சன்னல் ஓரம் விரலால் தொட்டால் தெரியும் எவ்வளவு தூசி என்று. ஃபேன் அந்தத் தூசியையும் சேர்த்தே இழுக்கிறது. தகடுகளின் வாயில் அது கெட்டியாகப் படிந்துவிட்டால் ஃபேன் எவ்வளவு கத்தினாலும் காற்று போகாது. லேப்டாப்பை மெத்தையில் வைத்தால் நிலைமை இன்னும் மோசம்; காற்று உள்ளே வரும் துளைகள் பல லேப்டாப்களில் அடிப்பக்கத்தில்தான் இருக்கின்றன.

நம் ஊர் வெயிலுக்கும் இதில் பங்குண்டு. 2003 மே மாதத்தில் சென்னையில் வெப்பநிலை 45 டிகிரியைத் தொட்டது. வெப்பம் எவ்வளவு வேகமாக வெளியேறும் என்பது சிப்புக்கும் அறைக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தைப் பொறுத்தது. சிப் 95 டிகிரி, அறை 25 டிகிரி என்றால் வித்தியாசம் 70. அறை 38 ஆனால் வித்தியாசம் 57 தான். அதே ஃபேன், அதே தகடு. ஆனால் வெளியேறும் வெப்பம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. சிப் தன் வெப்பநிலையைத் தானே அளந்துகொண்டிருக்கும். 95, 100 டிகிரியை நெருங்கியதும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நீங்கள் பார்த்த 'லேக்' அதுவாக இருக்கலாம். குறைத்தும் சூடு ஏறினால் எல்லாவற்றையும் அணைத்துவிடும். அது கோளாறு இல்லை, பாதுகாப்பு.

இப்போது படத்தின் வழி. சத்தம் வருகிறது, திரை கறுப்பு. விண்டோஸ், கண்ட்ரோல், ஷிப்ட், பி (B) ஆகிய நான்கு பொத்தான்களையும் சேர்த்து அழுத்துங்கள். விண்டோஸ் கணினி படம் வரையும் மென்பொருளை மட்டும் மறுபடி தொடங்கும். 'பீப்' என்று ஒரு ஒலி கேட்கலாம். படம் திரும்பினால் சிக்கிக்கொண்டது மென்பொருள்தான். திரும்பாவிட்டால், வீட்டு டிவியில் எச்டிஎம்ஐ கேபிளைச் செருகி, விண்டோஸ் பொத்தானோடு பி (P) பொத்தானை அழுத்திப் படத்தை டிவிக்கு மாற்றிப் பாருங்கள். டிவியில் படம் தெளிவாக வந்தால் சிப் நலம். குறை லேப்டாப்பின் திரையிலோ, அதற்குப் போகும் கேபிளிலோ இருக்கிறது. அறையை இருட்டாக்கி, திரைமேல் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் திரையும் வேலை செய்கிறது, அதன் பேக்லைட் மட்டும் எரியவில்லை. மூடியை மெல்ல முன்னும் பின்னும் சாய்க்கும்போது படம் வந்து வந்து போனால், கீல் வழியாகப் போகும் டிஸ்ப்ளே கேபிள் நைந்திருக்கலாம்.

சில நேரம் திரை இருளாமல் வண்ணக் கட்டங்களோ கோடுகளோ விழும். டிவியிலும் அவையே வந்தால்? அப்போது சந்தேகம் கிராபிக்ஸ் சிப்பின் மேல். நம் இரண்டு வழிகளும் வந்து சேரும் இடம் அது. அந்தச் சிப்பைச் சர்க்யூட் போர்டில் எப்படிப் பொருத்துகிறார்கள் என்று நம் பக்கத்து ஆலைகளில் பார்ப்போம்.

ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் நோக்கியா செல்போன் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. 2007-ல் டெல் கணினி ஆலை வந்தது. பிறகு எத்தனையோ எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிகள். உங்கள் தெருவில் யாராவது ஒரு அக்கா 'எஸ்எம்டி லைன்ல வேலை' என்று சொல்லியிருப்பார். போர்டுமேல் சால்டர் பசையை அச்சடித்து, நுண் பாகங்களை இயந்திரம் வைக்க, நீளமான ஓர் அடுப்புக்குள் போர்டு நகர்ந்து போகும் வரிசை அது. அந்த அடுப்பில் வெப்பம் 240 டிகிரி வரை ஏறும். இன்று பெரிதும் பயன்படும் ஈயம் கலக்காத சால்டர் வெள்ளீயம், வெள்ளி, செம்பு சேர்ந்தது. சுமார் 217 டிகிரியில் உருகும். பெரிய சிப்களின் அடியில் வரிசை வரிசையாக நுண்ணிய சால்டர் உருண்டைகள் இருக்கும். அடுப்பில் அவை உருகி, ஆறி, சிப்பைப் போர்டோடு பிணைத்துவிடும்.

இங்கே ஒரு நல்ல கேள்வி எழ வேண்டும். உருகுவதற்கு 217 டிகிரி வேண்டும். கேம் ஆடும்போது சிப் 90 டிகிரிதான். பிறகு எப்படிப் பிணைப்பு கெடுகிறது?

உருகித்தான் கெட வேண்டும் என்பதில்லை. பெரும்பாலான பொருள்கள் சூட்டில் விரியும், ஆனால் ஒரே அளவில் விரிவதில்லை. 20 மில்லிமீட்டர் நீளமுள்ள சிலிக்கான் 30 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குப் போனால் 3 மைக்ரான் அளவுக்கு விரியும். அதே நீளமுள்ள போர்டு 19 மைக்ரான் விரியும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. வித்தியாசம் 16 மைக்ரான்தான். ஆனால் நடுவில் மாட்டிக்கொண்ட சால்டர் ஒவ்வொரு முறையும் அந்த அளவுக்கு இழுபடுகிறது. ஆறும்போது திரும்ப வளைகிறது. கட்டுக்கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் அற்றுப்போகிறது இல்லையா, அதுதான் இங்கும். முதலில் விரிசல், பிறகு முறிவு. ஒரே ஒரு பிணைப்பு அறுந்தால்கூடப் படத்தில் கோடு விழலாம், திரை இருளலாம். ஆகவே சூட்டின் உச்சம் மட்டுமல்ல, எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்பதும் முக்கியம்.

இது உலக அளவில் நடந்த கதை. 2008 ஜூலை 2 அன்று, கிராபிக்ஸ் சிப் செய்யும் என்விடியா நிறுவனம், தன் சில லேப்டாப் சிப்கள் வழக்கத்தைவிட அதிகமாகப் பழுதாகின்றன என்று ஒப்புக்கொண்டது. அந்தச் செலவுக்காக 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாகவும் சொன்னது. சிப்பின் உள்ளேயே சிலிக்கானைத் தாங்கும் பொருள்கள் வலுவில்லாமல் இருந்ததுதான் காரணம். டெல் தன் வாடிக்கையாளர்களுக்குச் சொன்ன அறிகுறிகள்: ஒரே படம் பலவாகத் தெரிவது, திரையில் கோடுகள், சம்பந்தமில்லாத எழுத்துகள், படமே வராதது. முந்தைய ஆண்டு மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் 360 கேம் பெட்டிகள் மூன்று சிவப்பு விளக்கைக் காட்டிப் படுத்துவிட, அந்த நிறுவனம் 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்க நேர்ந்தது. என்விடியா சிப்கள் இருந்த லேப்டாப்களுக்குக் கொடுத்த அவசர மருந்தைப் பாருங்கள்: சூடேறிய பிறகு ஃபேன் சுற்றுவதற்குப் பதில், முன்கூட்டியே சுற்றும்படி மென்பொருளை மாற்றினார்கள். ஏற்ற இறக்கத்தின் அளவைக் குறைத்தார்கள்.

பழுதான சிப்புக்கு ஹாட் ஏர் அடித்துச் சூடாக்கினால் சரியாகிவிடும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். சில நாள் படம் வரவும் செய்யும். விரிசல் நெருங்கி ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவே. விரைவில் திரும்பப் பிரியும். காசு கொடுக்கும் முன் பெரியவர்களிடம் இதைச் சொல்லுங்கள். சென்னை ரிச்சி தெருவில் 'சிப் லெவல் சர்வீஸ்' என்று பலகை போட்டிருக்கும் கடைகளில், சூடாக்குகிறார்களா அல்லது சிப்பையே மாற்றுகிறார்களா என்று கேட்பது நியாயமான கேள்வி.

நீங்களே செய்யக்கூடியவையும் இருக்கின்றன. லேப்டாப்பைக் கெட்டியான மேசையில் வையுங்கள். பின்பக்க மூலைகளின் அடியில் இரண்டு பாட்டில் மூடிகள் வைத்தால் காற்று தாராளமாகப் போகும். கேமின் அமைப்பில் நொடிக்கு எத்தனை படம் என்பதை 60-க்குக் கட்டுப்படுத்துங்கள். சாதாரணத் திரை நொடிக்கு 60 முறைதான் மாறும். சிப் 200 படம் வரைந்தால் மிச்சமெல்லாம் வீண் வெப்பம். தூசியைப் பெரியவர் துணையோடு, மின்சாரத்தைத் துண்டித்த பிறகே ஊத வேண்டும். ஃபேன் தாறுமாறாகச் சுற்றாதபடி ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ள வேண்டும். மூடியைக் கழற்றுவதைச் சர்வீஸ் ஆளிடம் விடுங்கள். ஆலையில் வேலை செய்யும் அக்கா மணிக்கட்டில் ஒயர் வைத்த பட்டை கட்டுவது எதற்காக? உடலில் தேங்கும் நிலைமின்சாரம் விரல்நுனியிலிருந்து பாய்ந்து சிப்பைக் கெடுத்துவிடும் என்பதற்காகத்தான். ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிரூட்டும் யோசனை வேண்டவே வேண்டாம். நம் பக்கக் காற்றில் ஈரம் அதிகம். வெளியே எடுத்ததும் உள்ளே தண்ணீர் பனிக்கும். டச்பேட் மேலே எழும்பியிருந்தாலோ, அடிப்பக்கம் உப்பியிருந்தாலோ பேட்டரி வீங்கியிருக்கலாம். உடனே அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பெரியவர்களைக் கூப்பிடுங்கள். அழுத்தவோ குத்தவோ கூடாது.

இந்த விடுமுறையில் ஒரு சோதனை செய்து பாருங்கள். விண்டோஸ் 10, 11-இல் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால், தனிக் கிராபிக்ஸ் சிப் உள்ள லேப்டாப்களில் அதன் வெப்பநிலை தெரியும். ஒரே கேமைக் காலை ஆறு மணிக்கு இருபது நிமிடம், பிற்பகல் இரண்டு மணிக்கு இருபது நிமிடம் ஆடி, சிப்பின் வெப்பநிலையையும் அறை வெப்பநிலையையும் நோட்டில் குறித்து, இரண்டின் வித்தியாசத்தையும் எழுதுங்கள். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் அதே கேமை அதே மேசையில் வைத்து மறுபடி அளந்து பாருங்கள். வித்தியாசம் 10 டிகிரி கூடியிருந்தால், தகடுகளில் தூசி அடைத்திருக்கிறதா, பசை காய்ந்துவிட்டதா என்று பார்க்கச் சொல்லி அந்த நோட்டை அண்ணனிடம் காட்டுங்கள்.