துப்பாக்கிக் கட்டைக்குள் கம்பி கட்டுகிறார்கள், தெரியுமா?

புதுவாயல் நெடுஞ்சாலை ஓரம் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கும்மிடிப்பூண்டி ஆலைகளில் உருட்டிய முறுக்குக் கம்பியைச் சுமந்துகொண்டு லாரிகள் போகும். யாரோ ஒருவர் வீட்டுத் தூணுக்கும் தளத்துக்கும் அந்தக் கம்பி. வேட்டைத் துப்பாக்கியின் கட்டைக்குள்ளும் இதே கம்பி வித்தை நடக்கிறது என்றால் நம்புவீர்களா? வாங்க, உள்ளே போய்ப் பார்க்கலாம்!

விரலால் அழுத்தினாலே வளையுமாம்!

விலை மலிவான வேட்டை ரைஃபிளில் காசெல்லாம் எங்கே போகிறது தெரியுமா? எஃகுக் குழலுக்குத்தான்! அதைத் தாங்கும் கட்டையோ, பெரும்பாலும் அச்சில் வார்த்த பிளாஸ்டிக். உள்ளே வெறும் கூடு! குழலுக்கு அடியில் நீளும் முன்கட்டையைக் கையால் நெருக்கினால் அது வளைந்து குழலைத் தொட்டுவிடும். வெளிநாட்டில் பலர் கடையில் வாங்கும்போதே இதைச் சோதித்துப் பார்ப்பார்கள். சோதனைக் கருவி என்ன? ஒரு டாலர் நோட்டுப் போதும்! குழலுக்கும் கட்டைக்கும் நடுவே நோட்டைச் செருகி இழுக்க வேண்டும். தடையில்லாமல் வழுக்கி வந்தால் சரி. சிக்கினால் குறி தப்பும்!

இமைப்பதற்குள் நூறு முறை!

தோட்டா வெடித்தபின் குண்டு குழலுக்குள் எவ்வளவு நேரம் இருக்கும்? ஏறக்குறைய 1 மில்லி விநாடி! நீங்கள் ஒருமுறை கண் இமைக்கவே 100 மில்லி விநாடி ஆகிவிடும். ஒரே இமைப்பில் 100 குண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குழலைக் கடந்துவிடலாம்! அந்தத் துளி நேரத்தில் எஃகுக் குழல் வீணைத் தந்திபோல அதிர்கிறது. அதிரும் தந்தியில் விரல் பட்டால் சுரம் மாறுமா, மாறாதா? கட்டை உரசினால் குழலுக்கும் அதே கதிதான்!

ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு!

குழல் எவ்வளவு விலகினால் ஆபத்து? ஒரு பாகையை 60 துண்டாக வெட்டி, அதில் ஒரே ஒரு துண்டு விலகினால் போதும். 100 மீட்டரில் குண்டு 2.9 சென்டிமீட்டர் தள்ளிப் போகும். 300 மீட்டரிலோ கிட்டத்தட்ட 9 சென்டிமீட்டர்! கண்ணுக்கே தெரியாத வளைவு, உள்ளங்கை அளவு இலக்கையே தப்பவிடும்!

பிளாஸ்டிக்கைவிட நூறு மடங்கு!

எஃகின் விறைப்பு 200 கிகாபாஸ்கல். அலுமினியம் 70. பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக்? வெறும் 1.5 அளவுதான்! எஃகு நூறு மடங்குக்கும் மேலே! அதனால்தான் மலிவு ரைஃபிள் வைத்திருப்பவர்கள் முன்கட்டையின் வெற்றுக் கூட்டுக்குள் எஃகுக் கம்பியையோ அலுமினியத் தண்டையோ படுக்க வைத்து, சுற்றிலும் எபாக்ஸி பசை ஊற்றி இறுக விடுகிறார்கள். தளத்துக்குக் கம்பி கட்டிக் கான்கிரீட் போடும் கொத்தனார் வேலை இது, அளவுதான் சிறியது!

துப்பாக்கி வயிற்றுக்குள் அம்பு!

இதைக் கேட்டால் சிரிப்பீர்கள். கம்பி கனக்கிறதே என்று சிலர் வேறென்ன வைக்கிறார்கள் தெரியுமா? வில்லில் தொடுக்கும் கார்பன் ஃபைபர் அம்பு! முனையையும் இறகையும் கழற்றிவிட்டு, தண்டை அளவாக நறுக்கிப் பதிக்கிறார்கள். கார்பன் இழையின் விறைப்பு எஃகுக்குச் சளைத்ததில்லை. எடையோ எஃகில் கால் பங்குகூட இல்லை! துப்பாக்கி வந்ததால் மூலைக்குப் போன அம்பு, துப்பாக்கிக்கே முதுகெலும்பாகிவிட்டது!

முறுக்குக் கம்பிக்கு வரி எதற்கு?

முறுக்குக் கம்பியின் மேல் வரிவரியாக மேடு இருக்குமே, கவனித்திருக்கிறீர்களா? அழகுக்கு என்று நினைத்தீர்களா? கான்கிரீட் அதைக் கவ்விப் பிடிக்கத்தான்! கட்டை வேலையிலும் அதே கவலை. வழவழப்பான பிளாஸ்டிக்கில் எபாக்ஸி ஒட்டாது. அதனால் உள்சுவரை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, சிறுசிறு துளை போட்டுப் பிடிமானம் கொடுக்கிறார்கள். ஒரேயடியாக ஊற்றவும் கூடாது! எபாக்ஸி இறுகும்போது தானே சூடேறும். அந்தச் சூட்டில் கட்டையே கோணிவிடும்!

ஷூ பாலிஷ் காப்பாற்றும் குழல்!

குழலின் அடிப்பகுதி கட்டையில் அமரும் இடத்திலும் எபாக்ஸியால் படுக்கை போடுவதுண்டு. அதில் வைக்கும்முன் எஃகின்மேல் மெழுகோ ஷூ பாலிஷோ பூசுகிறார்கள். ஏன்? பூச மறந்தால் குழலும் கட்டையும் பிரிக்கவே முடியாதபடி ஒட்டிக்கொள்ளும்! ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய பொருளைக் காப்பது சின்ன டப்பி பாலிஷ்!

இஷாப்பூர் திருகு, கேள்விப்பட்டதுண்டா?

கட்டையை வலுவாக்கும் யோசனை வெளிநாட்டுச் சரக்கு என்றா நினைத்தீர்கள்? மேற்கு வங்கத்தில் 1904இல் எழுந்தது இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலை. அங்கே செய்த லீ-என்ஃபீல்டு ரைஃபிள்களில் மரக்கட்டை பிளக்காமல் இருக்கக் குறுக்கே ஒரு திருகு போட்டார்கள். ஒரே ஒரு திருகு! இன்றைக்கும் உலகெங்கும் பழைய துப்பாக்கி சேகரிப்பவர்கள் அதை 'இஷாப்பூர் திருகு' என்றே அழைக்கிறார்கள். ஊர்ப் பெயரில் ஒரு திருகு!

11 கிராம் எங்கே, 765 கிராம் எங்கே!

லீ-என்ஃபீல்டு சுடும் .303 குண்டின் எடை சுமார் 11 கிராம். அதே ரைஃபிளின் வாயில் ஒரு கிண்ணத்தை மாட்டி, 765 கிராம் மில்ஸ் கையெறி குண்டை ஏவினார்கள் தெரியுமா? கிட்டத்தட்ட 70 மடங்கு கனம்! பின்னுதைப்பில் மரம் சிதறாதா? சிதறாமல் இருக்க முன்கட்டையைச் சுற்றிக் கம்பியால் இறுகக் கட்டினார்கள். கலப்பைக்குப் பூண் போட்டதுபோல!

.315 பிறந்த கதை!

உலகில் வேறெங்கும் அதிகம் புழங்காத .315 வேட்டை ரைஃபிள் இந்தியாவில் மட்டும் ஏன் இத்தனை? வெள்ளைக்கார அரசு, படை சுடும் .303 தோட்டாவைப் பொதுமக்கள் வைத்திருக்கத் தடை போட்டது. உடனே என்ன செய்தார்கள்? ஆஸ்திரியப் படையின் பழைய 8 மில்லிமீட்டர் மான்லிக்கர் தோட்டாவைப் பிடித்து .315 ஆக்கிவிட்டார்கள்! அதைச் சுடும் இஷாப்பூர் ரைஃபிளுக்குள்ளே இருப்பதோ அதே லீ-என்ஃபீல்டு பொறி!

பழவேற்காட்டில் வெடிமருந்து!

புதுவாயலிலிருந்து பொன்னேரி வழியாகப் போனால் பழவேற்காடு. 1613இல் டச்சுக்காரர்கள் அங்கே கட்டிய கோட்டையின் பெயர் கெல்டிரியா. பூநாரை பார்க்கப் போகிற அந்த ஏரிக்கரையில் 17ஆம் நூற்றாண்டில் வெடிமருந்து ஆலை ஓடியது தெரியுமா? இங்கே அரைத்த மருந்து கப்பலேறிக் கடல் கடந்தது! தமிழ்நாட்டில் இன்றும் ரைஃபிள் செய்யும் ஊர் எது? திருச்சி! அங்குள்ள துப்பாக்கித் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு 1966.

பிளாஸ்டிக்கைக் கேலி செய்யாதீர்கள்!

1959இல் டாம் ஃபிரை என்ற ரெமிங்டன் விற்பனையாளர் என்ன செய்தார் தெரியுமா? வானில் வீசிய 1,00,010 மரக்கட்டைத் துண்டுகளைச் சுட்டார். தப்பியவை எத்தனை? ஆறே ஆறு! அவர் கையிலிருந்த 'நைலான் 66' துப்பாக்கியின் கட்டை முழுக்க முழுக்க நைலான்! நல்ல பிளாஸ்டிக்கை நல்லபடி வார்த்தால் மரமும் தோற்கும்!

சட்டம் என்ன சொல்கிறது?

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தியாவில் வனவிலங்கு வேட்டைக்கே தடை! ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி, சாதாரண உரிமம் உள்ளவர் வைத்திருக்கக்கூடியது 2 துப்பாக்கி மட்டுமே. பழுது, மாற்றம் எல்லாம் உரிமம் பெற்ற கடைக்காரர் கையில்தான். வீட்டுத் திண்ணையில் எபாக்ஸி குழைக்கும் ஆசை வேண்டாம்!

அப்போ நாம் என்ன செய்யலாம்?

பிள்ளையின் பென்சில் பெட்டியிலிருந்து பிளாஸ்டிக் ஸ்கேலை எடுங்கள். படுக்கை வாட்டில் வளையுங்கள். வில்லாக வளையும்! இப்போது அதையே விளிம்பில் நிறுத்தி வளையுங்கள். அசையாது! 30 மில்லிமீட்டர் அகலம், 2 மில்லிமீட்டர் தடிமன் என்றால், நிறுத்திவைத்த ஸ்கேல் 225 மடங்கு விறைப்பு! அதே பிளாஸ்டிக், அதே எடை, ஒரு கிராம்கூடக் கூட்டவில்லை! கம்பிக்குப் பதில் தகடு வைப்பவர்கள் அதை முன்கட்டைக்குள் நிமிர்த்திப் பதிப்பதும் இதனால்தான், வீட்டு உத்தரம் அகலத்தைவிட உயரமாக இருப்பதும் இதனால்தான். உடனே நிமிர்ந்து உங்கள் வீட்டு உத்தரத்தை ஒருமுறை பாருங்களேன்!