ஏலத்துக்கு வரும் பழைய தொடர்மாடி வீடு

வங்கி ஏலத்தில் மலிவென்று நம்பி, கடையில் புழங்கும் பணத்தைப் பழைய தொடர்மாடி வீட்டில் போட்டு மாட்டிக்கொண்ட வியாபாரிகளை நான் அறிவேன். விளம்பரத்தில் கேட்கும் விலை வேறு, கைமாறும் விலை வேறு. அதே கட்டடத்தில் அண்மையில் விற்ற வீடுகளின் சதுர அடி விலையை விசாரித்தே நான் கணக்கைத் தொடங்குவேன். அதிலிருந்து லிப்ட், கூரை ஒழுக்கு, துருப்பிடித்த குழாய் ஆகியவற்றுக்கு நம் பங்கில் வரும் செலவையும் பராமரிப்புக் கட்டண நிலுவையையும் கழிப்பேன். உள்ளே ஆள் குடியிருந்தால் இன்னும் குறைப்பேன். வழக்கு இழுபட்டால் வருடங்கள் போகும்.

வழமையாக ஏலம் முடிந்த கையோடு 10 வீதம், ஏலதாரர் தரகு 2.5 வீதம், உள்ளூராட்சி வரி 1 வீதம் கட்ட வேண்டும். மீதி 90 வீதத்துக்கு 30 நாட்கள்தான் தவணை. தவறினால் கட்டிய பணம் போய்விடும். ஆகவே உச்சத் தொகையைத் துண்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே ஏலத்துக்குப் போவேன்.