ஸ்டியரிங்குக்கு ஒரு சிறிய மோட்டார்

சென்னையின் வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து 2025 ஜூன் 30 அன்று 120 மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. டீசல் இன்ஜினின் சுழற்சியை நம்பி எண்ணெய் தள்ளிவந்த ஸ்டியரிங் பம்புக்கு, இவ்வகைக் கனரக வாகனங்களில் பெரும்பாலும் தனி மோட்டார் அவசியமாகிறது.

நிமிடத்துக்கு 10 லிட்டர் எண்ணெயை 60 பார் அழுத்தத்தில் தள்ள, நஷ்டங்களை ஒதுக்கினாலும், 1 கிலோவாட் சக்தி வேண்டும். ஆனால் மோட்டாரின் பருமனைப் பிரதானமாக நிர்ணயிப்பது முறுக்குவிசையே. ஆதலால், சிறிய பம்பை அதிவேகமாகச் சுழற்றி அதே அளவு எண்ணெயைப் பெறும் வடிவமைப்பாளர், இரும்பையும் செம்பையும் மிச்சப்படுத்துகிறார். வேகம் எல்லை மீறினாலோ, உறிஞ்சும் வாயில் எண்ணெய் போதாமல் குமிழிகள் தோன்றி உடைந்து, பம்பின் உலோகத்தையே அரித்துவிடும். சிறுத்த உடலில் உஷ்ணம் வெளியேறவும் இடம் குறைவு.

பேருந்து நிற்கையில் பம்பின் வேகத்தைத் தணித்து, ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் திருப்பும் கணத்தில் உயர்த்தும் மின்னணுக் கட்டுப்பாடே என் மனத்துக்கு மிகவும் உகந்தது. டீசல் வண்டியில், இன்ஜின் ஓடுமளவும், ஸ்டியரிங்கைத் திருப்பாதபோதும், பம்பு வீணே சுழன்றுகொண்டிருந்தது.