பித்தப்பையை அகற்றியபின் வரும் அறிக்கை

கல்லுக்காகப் பித்தப்பையை அகற்றிக்கொண்டவர்கள், தையல் பிரித்ததும் சிகிச்சை முடிந்துவிட்டதாக எண்ணுவது இயல்பு. ஆனால், அகற்றிய பித்தப்பையை நாங்கள் திசுப் பரிசோதனைக்கு அனுப்புகிறோம். அதன் முடிவு சில நாட்கள் கழித்தே வரும். அவ்வறிக்கையைத் தவறாமல் பெற்று மருத்துவரிடம் காட்டுமாறு வேண்டுகிறோம்.

பித்தப்பைக் கல் உள்ளவர்களில் மிகச் சிலருக்கே புற்றுநோய் உண்டாகிறது. எனினும், தொடக்க நிலையில் அந்நோய்க்கெனத் தனி அறிகுறி இல்லை. வலது விலாவின் கீழ் வரும் வலி கல்லாலும் வரக்கூடியதே. ஸ்கேனில் புலப்படாத நோய், நுண்ணோக்கியின் கீழ் முதன்முதலாகத் தெரியவருவதும் உண்டு.

அவ்வாறு தெரியவந்தால், பித்தப்பைச் சுவரில் நோய் எவ்வளவு ஆழம் சென்றுள்ளது என்பதைப் பார்க்கிறோம். தசை அடுக்கை எட்டாமல் உட்பகுதியோடு நின்றிருந்தால், முன்பு செய்த அறுவையே பெரும்பாலும் போதும். தசையை எட்டியிருந்தால், வேறெங்கும் பரவவில்லை எனச் சி.டி. ஸ்கேன் மூலம் அறிந்தபின், ஒட்டியுள்ள கல்லீரல் பகுதியையும் நிணநீர்க் கணுக்களையும் அகற்றும் இரண்டாம் அறுவை பொதுவாகத் தேவைப்படும். அதன்பின் பலருக்குக் கேப்சிடபின் மாத்திரை ஏறத்தாழ 6 மாதங்கள் தரப்படுகிறது.

அறுவைக்கு இயலாத நிலையிலும் செய்யக்கூடியவை உண்டு. கீமோதெரபி நோயின் வேகத்தைக் குறைக்கலாம். பித்தநாளம் அடைபட்டு மஞ்சள் காமாலை வந்தால், எண்டோஸ்கோப்பி வழியே ஸ்டென்ட் பொருத்திப் பித்தம் வடியச் செய்யலாம், அரிப்பும் தணியும்.

வேறு மருத்துவமனையில் அறுவை செய்துகொண்டவர்களும் தங்கள் அறிக்கையைக் கேட்டுப் பெறுங்கள். பெரும்பாலோருக்கு அது நிம்மதியையே தரும். சிலருக்கோ, உரிய காலத்தில் சிகிச்சை பெற அதுவே வழிகாட்டும்.