பெட்ரோமாக்ஸ் மேண்டிலுக்கும் அணு உலைக்கும் என்ன சொந்தம் தெரியுமா?

மாசி மாதம் தோட்டத்தில் காமன் கூத்து நடக்கும்போது பெட்ரோமாக்ஸ் ஏற்றுவார்களே, ஞாபகம் இருக்கிறதா? பம்ப் அடிக்க அடிக்க அந்தச் சின்ன வலைப்பை கண் கூசும் வெள்ளையாக எரியும். அந்த மேண்டிலில் என்ன இருந்தது தெரியுமா? தோரியம்! அணு உலைக்கு எரிபொருள் ஆக்கலாம் என்கிறார்களே, அதே தோரியம்தான்! நூற்றுக்கு 99 பங்கு தோரியம் ஒக்சைட்டு, ஒரு பங்கு சீரியம் ஒக்சைட்டு. ஒஸ்திரியாவின் கார்ல் அவுவர் கண்டுபிடித்த கலவை இது. முதல் தடவை கொளுத்தியதும் நூல் முழுக்க எரிந்துபோகும். வெறும் ஒக்சைட்டுக் கூடு மட்டும் நின்று ஒளிரும். விரல் பட்டால் பொடிப்பொடி! இப்போது கடைக்கு வரும் மேண்டில்கள் பலவற்றில் தோரியம் கிடையாது.

சரி, உலகத்துக்கே புதிதான ஒரு தோரியக் கல் நம் மலையடிவாரத்தில்தான் கிடைத்தது, தெரியுமா?

எல்லயில் இருந்து பண்டாரவளை, ஹப்புத்தளை, பெரகலை, பெலிஹுல்ஓயா என்று இறங்கிக்கொண்டே போங்கள். பலாங்கொடை வரும். 1904ஆம் ஆண்டு, மாணிக்கக் குழிக்காரர்கள் ‘இல்லம்’ என்று சொல்லும் சரளை மண்ணில் இருந்து, அந்தப் பக்கம் ஒரு விசித்திரக் கல் வெளிப்பட்டது. கன்னங்கரிய நிறம். குட்டிக் குட்டிச் சதுரக் கட்டிகள். தண்ணீரைவிட ஒன்பது மடங்குக்கும் மேல் கனம்!

அதை எடுத்து ஆராய்ந்தவர் யார் தெரியுமா? கலாயோகி ஆனந்தக் குமாரசுவாமி! ஆமாம், நடராசரின் நடனத்தைப் பற்றி எழுதி உலகையே திரும்பிப் பார்க்க வைத்தாரே, அவரேதான்! கலைக்கு வருவதற்கு முன் அவர் கல்லைப் படித்தவர். சேர் முத்துக் குமாரசுவாமியின் மகன், 1877இல் கொழும்பில் பிறந்தவர். 30 வயதுகூட ஆகாத நாளிலேயே இலங்கைக் கனிம அளவைத் திணைக்களத்தின் பணிப்பாளர்! முதலில் அதை யுரேனியக் கனிமம் என்றே நினைத்தார். லண்டனில் வின்டம் டன்ஸ்டன் பகுத்துப் பார்த்தால், எடையில் 70 வீதத்துக்கும் மேல் தோரியம் ஒக்சைட்டு! உலகத்துக்கே புதிய கனிமம்! ‘தோரியனைட்’ என்று பெயர் வைத்தார்கள்.

இன்னும் கேளுங்கள். இலங்கையின் கனிமங்களை ஆராய்ந்ததற்காகத்தான் லண்டன் பல்கலைக்கழகம் குமாரசுவாமிக்கு விஞ்ஞானக் கலாநிதிப் பட்டம் தந்தது! கலாயோகியின் கலாநிதிப் பட்டம் கலைக்குக் கிடைத்ததல்ல, நம் மண்ணின் கல்லுக்குக் கிடைத்தது! பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதை எத்தனை பேர் படித்திருக்கிறோம்?

அந்தக் கல் அடுத்து என்ன செய்தது தெரியுமா?

அதே 1904இல் ஒரு ஜெர்மன் இளைஞர் ஆங்கிலம் பழகுவதற்காக லண்டன் வந்து இறங்கினார். பெயர் ஓட்டோ ஹான். வேலைக்கு ஆங்கிலம் தேவை, அவ்வளவுதான்! ஆய்வுகூடத்தில் இடம் கொடுத்த வில்லியம் ராம்சே, “இதில் இருந்து ரேடியத்தைப் பிரித்துக் கொடு” என்று கொஞ்சம் பேரியம் உப்பைக் கையில் கொடுத்தார். அந்த உப்பு எதில் இருந்து எடுத்தது? இலங்கைத் தோரியனைட்டில் இருந்து! ரேடியம் தேடப் போன ஹான், 1905இல் யாருமே அறியாத ரேடியோதோரியம் என்ற கதிரியக்கப் பொருளைப் பிடித்துவிட்டார்! வந்த வேலையை மறந்தார். வாழ்நாள் முழுக்க அணுவே கதி!

33 வருடம் கழித்து, 1938 டிசம்பரில், பேர்லினில் யுரேனியத்தை நியூத்திரனால் அடித்துவிட்டு ஹானும் ஸ்ட்ராஸ்மானும் என்ன மிஞ்சுகிறது என்று தேடினார்கள். கிடைத்தது என்ன தெரியுமா? பேரியம்! மறுபடியும் பேரியம்! யுரேனிய அணு இரண்டாகப் பிளந்திருக்கிறது என்று விளக்கிச் சொன்னவர்கள் லீசே மைட்னரும் அவருடைய அக்கா மகன் ஓட்டோ ஃபிரிஷும். உலகத்தின் அத்தனை அணு உலைகளும் அந்தப் பிளவில்தான் ஓடுகின்றன. அதைக் கண்ட கைகள் முதன்முதலில் கதிரியக்கம் பழகியது சப்ரகமுவ மண்ணில் கிடைத்த கல்லில்! எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் மயிர்க்கூச்செறியும்.

சும்மா கிடக்கும் தோரியம் எரியாது, தெரியுமா? அதற்கு ஒரு நியூத்திரனை ஊட்ட வேண்டும். ஊட்டினால் 22 நிமிட அரைவாழ்வோடு அது புரொட்டக்டினியமாக மாறும். பிறகு 27 நாள் அரைவாழ்வோடு யுரேனியம்-233 ஆகும். அதுதான் எரியும்! அப்படிச் செய்த யுரேனியம்-233இல் ஓடுவதற்கென்றே ஒரு குட்டி உலை இருக்கிறது. சென்னைக்குத் தெற்கே, கல்பாக்கத்தில்! பெயர் ‘காமினி’. 1996 ஒக்டோபரில் உயிர் பெற்றது. அதில் இருக்கும் எரிபொருள் எவ்வளவு? சுமார் 600 கிராம்! கடையில் ஒரு கிலோ சீனி வாங்குகிறோமே, அவ்வளவுகூட இல்லை! இந்தியா ராக்கெட்டுகளில் வைக்கும் வெடி உறுப்புகளை இதன் நியூத்திரன் கதிரால்தான் படம் பிடித்துச் சோதிக்கிறார்கள்!

கன்னியாகுமரிப் பக்கம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் தோரியம் உண்டு. அது வெளியே தெரிந்த கதை இன்னும் வேடிக்கை! திருவிதாங்கூரில் இருந்து போன தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலை 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன்காரர் சோதித்துப் பார்த்தார். மொனசைட்டு! எதற்காகத் தேடினார்? மேண்டில் செய்யத்தான்!

இப்போது முக்கியமான விசயத்துக்கு வருவோம். உலையில் எரிந்து முடிந்த எரிபொருளில் உண்மையிலேயே கழிவு எவ்வளவு தெரியுமா? 50 வீதம்? 80 வீதம்? இல்லவே இல்லை! சாதாரணமாக ஓடும் அணுமின் உலைகளில் இருந்து வெளியே எடுப்பதில் ஏறக்குறைய 4 வீதம்தான்! மிச்சம் 96 வீதத்தில் பெரும்பகுதி யுரேனியம், ஒரு வீதம் அளவுக்குப் புளூட்டோனியம். இரண்டுமே மறுபடி எரியும்! நூறு கிலோ கொழுந்தில் நாலு கிலோ முற்றல் இருக்கிறதென்று மொத்தச் சாக்கையும் கானுக்குள் கொட்டுகிற கணக்கப்பிள்ளை எங்கேயாவது உண்டா? ஆனால் உலகத்தில் பல நாடுகள் அந்த 100ஐயும் அப்படியே பூட்டித்தான் வைத்திருக்கின்றன! பிரித்தெடுக்கும் பிரான்ஸில், அணுமின்சாரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு மீட்ட எரிபொருளில் இருந்து வருகிறது!

எப்படிப் பிரிக்கிறார்கள் தெரியுமா? எரிந்த குச்சிகளைத் துண்டுதுண்டாக வெட்டி நைத்திரிக் அமிலத்தில் கரைப்பார்கள். அதோடு மண்ணெண்ணெய் இனத்தைச் சேர்ந்த ஒரு திரவத்தைக் கலக்குவார்கள். அந்தத் திரவத்தில் டிரைபியூட்டைல் பொஸ்பேட்டு இருக்கும். குலுக்கி விட்டால் யுரேனியமும் புளூட்டோனியமும் எண்ணெய்ப் பக்கம் ஏறிவிடும். கழிவு அமிலத்திலேயே நின்றுவிடும்! 1940களில் கண்டுபிடித்த இந்த வழிதான் இன்றும் ராஜா!

ஆனால் பக்கத்தில் போய் யாரும் குலுக்க முடியாது. தடித்த சுவர். அதில் ஈயக் கண்ணாடி ஜன்னல், இலேசான மஞ்சள் நிறத்தில். வெளியே நிற்பவர் கைப்பிடியைத் திருப்புவார். உள்ளே ஓர் இயந்திரக் கை அதேபோலத் திரும்பிக் குப்பியின் மூடியைத் திறக்கும்! இங்கே விரலை மடக்கினால் அங்கே மடங்கும்! பாத்திரங்களின் வடிவம்கூட விசித்திரம். தட்டையாக, ஒல்லியாக, அல்லது வளையம் போல நடுவில் ஓட்டையோடு இருக்கும். ஏன் தெரியுமா? குண்டான பாத்திரத்தில் புளூட்டோனியக் கரைசல் ஓர் அளவுக்கு மேல் சேர்ந்தால் தானாகவே தொடர் வினை தொடங்கிவிடும்! நியூத்திரன்கள் தப்பி ஓட வழி விடுவதற்குத்தான் அந்த ஒல்லி உடம்பு!

இங்கேதான் கலாநிதி ஆய்வு மாணவர்கள் வருகிறார்கள். கல்பாக்கத்தின் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் இருந்துகொண்டே ஹோமி பாபா தேசிய நிறுவனத்தின் வழியாகக் கலாநிதிப் பட்டம் வாங்கலாம், தெரியுமா? ஒருவர் என்ன ஆராய்வார்? எண்ணெய் ஓர் அடுக்கு, அமிலம் ஓர் அடுக்கு, இரண்டு அடுக்குதானே இருக்க வேண்டும்? புளூட்டோனியம் கூடிப்போனால் திடீரென்று மூன்றாவது அடுக்கு பிறந்துவிடும்! புளூட்டோனியம் முழுக்க அதில் போய்க் குவியும். ஆபத்து! இதைத் தடுக்க அங்கே ஆராய்ந்த மாற்றுப் பொருள் டிரை ஐசோஅமைல் பொஸ்பேட்டு. அதன் மூலப்பொருளான ஐசோஅமைல் மதுசாரம் எதில் கிடைக்கும் தெரியுமா? கரும்புப்பாகைப் புளிக்கவைத்து வடிக்கும்போது மிஞ்சும் எண்ணெயில்! நம் ஊவாவில் பெல்வத்தைப் பக்கம் கரும்பில் இருந்து மதுசாரம் வடிக்கிறார்களே, அந்த மாதிரி வடிப்பில்தான்! கரும்புக்கும் புளூட்டோனியத்துக்கும் சொந்தம் என்றால் நம்ப முடிகிறதா?

எரிபொருள் செய்வது மட்டும் லேசா? கல்பாக்கத்தில் 1985 ஒக்டோபர் 18இல் இயங்கத் தொடங்கிய வேக ஈனுலைக்கு (எரிந்துகொண்டே புது எரிபொருளையும் ஈனும் வகை உலை இது) எரிபொருள் கொடுக்க வெளிநாடுகள் தயங்கின. இந்தியாவின் 1974 பொக்ரான் அணுச் சோதனைக்குப் பிறகு கதவு சாத்தப்பட்டது. விஞ்ஞானிகள் என்ன செய்தார்கள்? உலகில் வேறு எந்த உலையும் நம்பி ஓடாத ஓர் எரிபொருளைத் தாங்களே செய்தார்கள்! 70 வீதம் புளூட்டோனியம் கார்பைட்டு, 30 வீதம் யுரேனியம் கார்பைட்டு! அந்தத் தூள் காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கக் கூடியது! அதனால் காற்றே இல்லாத பெட்டிகள். பெட்டிச் சுவரிலேயே பொருத்தி வைத்த இறப்பர்க் கையுறைகள். கையை நுழைத்துத்தான் வேலை! பெட்டிக்குள் அழுத்தம் அறையைவிடக் குறைவு. எங்காவது கீறல் விழுந்தாலும் வெளிக்காற்றுதான் உள்ளே போகும், உள்ளே இருப்பது வெளியே வராது!

முதலில் ஒரு டன்னுக்கு 25,000 மெகாவாட்-நாள் வெப்பம் தந்தால் போதும் என்று தொடங்கினார்கள். எதுவரை போனது தெரியுமா? 1,50,000ஐத் தாண்டியது! எரிந்த அந்தக் கார்பைட்டைக் ‘கோரல்’ என்ற கூடத்தில் கரைத்து, புளூட்டோனியத்தை மீட்டு, மறுபடி எரிபொருளாக்கி, அதே உலைக்குள் விட்டார்கள்! வட்டம் முழுசாகிவிட்டது! 2022 மார்ச்சில் அந்த உலை தன் முழு 40 மெகாவாட் வெப்பத்தை எட்டியது. பிறந்து 36 வருடம் கழித்து!

பக்கத்திலேயே அதன் பெரிய அண்ணன், 500 மெகாவாட் மின்சாரத்துக்கு. எரிபொருள் கட்டுகள் 181. ஒவ்வொன்றிலும் 217 குச்சிகள். பெருக்கிப் பாருங்கள், 39,277! ஒரு குச்சியின் குறுக்களவு 6.6 மில்லிமீட்டர்தான், பென்சிலை விட மெலிசு! சூட்டை எடுத்துப் போவது தண்ணீரா? இல்லை! உருகிய சோடியம், சுமார் 1,750 டன்! தண்ணீர் பட்டால் தீப்பற்றும் சோடியம்!

நம்மவர்கள் மறக்க முடியாத ஒரு பெயர் இந்தக் கதையிலும் வருகிறது. 1964 ஒக்டோபர் 30: சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். நம்மவர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். ஊவாவில் அந்தக் கணக்கு தொடாத லயம் உண்டா? மூன்று மாதம்கூட ஆகவில்லை. 1965 ஜனவரி 22இல் அதே இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி மும்பை டிராம்பேயில் ஒரு நிலையத்தைத் திறந்து வைத்தார். என்ன நிலையம்? இந்தியாவின் முதலாவது புளூட்டோனியப் பிரிப்பு நிலையம்! எரிந்து தீர்ந்த எரிபொருளில் ஒரு கிராமையும் இழக்கக் கூடாது என்று கணக்குப் பார்த்த அதே நாட்களில், இலட்சக்கணக்கான மனிதர்களைப் பங்கு பிரித்துக்கொண்டிருந்தார்கள். இந்த இரண்டு திகதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது.

புளூட்டோனியத்தை மனிதன் முதன்முதலில் தராசில் வைத்தபோது எவ்வளவு இருந்தது தெரியுமா? 1942 செப்டெம்பர் 10, சிகாகோ. ஒக்சைட்டாக 2.77 மைக்ரோகிராம்! கண்ணுக்கே எட்டாத அளவு! அதற்கு முன்னாலே, 1903இல் மேரி கியூரி கதிரியக்கம் பற்றிக் கலாநிதி ஆய்வேட்டைச் சமர்ப்பித்த அதே வருடம் நோபல் பரிசும் வாங்கினார்! தோரியம் கதிர் வீசும் என்று கண்டவர்களில் அவரும் ஒருவர்!

பதுளைப் பிள்ளைகளே, ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் கனிம வளத்துக்கென்றே ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது, தெரியுமா? 1953இல் எஹெலியகொடையில் எக்கநாயக்க என்பவர் கண்டெடுத்த பச்சைக் கல் ஒன்றிலும் தோரியம் இருந்தது. கதிர் வீசும் மாணிக்கம்! அவர் பெயராலேயே அதற்கு ‘எக்கனைட்’ என்று பெயர்! நம் ஓடைகளில் இன்னும் என்னென்ன கிடக்கிறதோ!

அந்த 4 வீதக் கழிவு இருக்கிறதே, அதுவும் வீண் இல்லை! அதில் இருந்து சீசியத்தைப் பிரித்து, கண்ணாடியோடு உருக்கி, பென்சில் போல வார்க்கிறார்கள் பாபா அணு ஆராய்ச்சி மையத்தில். எதற்கு? நோயாளிக்கு ஏற்றும் இரத்தத்தைக் கதிர் காட்டிப் பாதுகாப்பாக்குவதற்கு! அதே கழிவில் இருந்து ருத்தீனியத்தையும் எடுக்கிறார்கள். வெள்ளித் தகட்டில் படியவைத்து, கண்ணின் வடிவத்துக்கு வளைத்து, கட்டி இருக்கும் இடத்தில் சில நாள் தைத்து வைக்கிறார்கள். கண்ணைத் தோண்டி எடுக்காமலே கண் புற்றுநோய்க்குச் சிகிச்சை! உலையின் கழிவில் இருந்து!