கூச்சமுள்ள பிள்ளையும் இணையப் புகழும்

ஆண்டுதோறும் தமிழ்மொழித் தினப் போட்டிகள் நெருங்குங் காலத்தில், கண்டி நகரத்துத் தமிழ்ப் பாடசாலைகளில் ஒரு காட்சியைக் காணலாம். பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுக்கச் சிலர் முந்துவர். வேறு சிலரோ தம் பெயர் அழைக்கப்படுமோ என்று அஞ்சிக் கடைசி வாங்கில் ஒடுங்குவர். ஹந்தானையிலிருந்தோ தெல்தோட்டையிலிருந்தோ வந்த பிள்ளை, தன் பேச்சு நடையைக் கேட்டுப் பிறர் நகைப்பரோ என வாய்மூடியிருத்தலும் உண்டு. அத்தகைய பிள்ளை வீடு சென்றபின், கைத்தொலைபேசியில் புனைபெயர் சூடிப் படம் வரைந்தும் பாட்டிசைத்தும் பல்லாயிரவரின் பாராட்டைப் பெறுதல் இக்காலத்தில் கூடும்.

இவ்விரட்டை வாழ்வைப் பொருளாகக் கொண்டு, இளைஞர்க்கான ஆங்கில நாவல்கள் சில எழுந்துள்ளன. 2014ஆம் ஆண்டில் ஸோயி சக் என்பவரின் பெயரால் வெளிவந்த 'கேர்ள் ஒன்லைன்', பதற்ற நோய்க்கு ஆளான பெண்ணொருத்தி பெயர் மறைத்து இணையத்தில் எழுதும் கதையாகும். அமெரிக்கரான பிரான்செஸ்கா ஸப்பியா 2017இல் எழுதிய நாவலின் தலைவி இலைசா. பாடசாலையில் எவரோடும் பேசாத இவளே, இலட்சக்கணக்கானோர் விரும்பும் சித்திரக் கதையொன்றை இணையத்தில் மறைந்திருந்து படைப்பவள். 2016இல் அலிஸ் ஓஸ்மன் எழுதிய 'ரேடியோ சைலன்ஸ்' நாவலிலோ, ஏலட் என்னும் அமைதியான இளைஞன் தன் பெயரை வெளியிடாது ஒலித்தொடர் ஒன்றை நடத்துகிறான்.

கூச்சமுள்ளோர்க்குத் திரைமறைவு இனிதாவது ஏன்? நேரில் பேசுங்கால் எதிரிலிருப்பவரின் முகக்குறிப்பு அச்சுறுத்துகிறது, நெஞ்சு படபடக்கிறது, நா வறள்கிறது. இணையத்திலோ எழுதியதை அழித்துத் திருத்தலாம், வேண்டியபோது விலகலாம். ஆயினும் அச்சந்தரும் இடத்தை விட்டு ஒதுங்குந்தோறும் அப்போதைக்கு ஆறுதல் கிட்டுமேயன்றி, அச்சம் அகல்வதில்லை. அது மேலும் வேரூன்றும் என்பர் உளவியலார். புகழும் அதற்கு மருந்தாவதில்லை. திரண்டவர் விரும்புவது புனைபெயரையும் படைப்பையுமே. அதன் பின்னே தனித்திருக்கும் பிள்ளையை அவர் அறியார்.

இந்நாவல்களில் நெருக்கடி பிறப்பது மறைவு கலையும்போதுதான். இலைசாவின் பெற்றோர், மகளைப் பற்றிய பெருமிதத்தால், அவளே அச்சித்திரக் கதையின் ஆசிரியை என்பதை உள்ளூர்ப் பத்திரிகையில் எழுதிவிடுகின்றனர். அன்பால் செய்த அச்செயல், மகளை நிலைகுலையச் செய்கிறது. ஏலட்டின் இரகசியம் வெளிப்பட்டபின் இரசிகர்கள் அவனை ஓயாது தொல்லைப்படுத்துகின்றனர். அவனை மீட்பது புகழன்று. பல்கலைக்கழகத்தில் தனித்து வாடுபவனைத் தேடிச் செல்லும் நண்பர்களே.

இக்கதைகள் நடப்பது பிறநாட்டில் எனினும், அவை புகட்டும் பாடம் நமது பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் உரியதே. பிள்ளை வரைந்த படத்தையோ பாடிய பாட்டையோ அதன் இசைவின்றி முகநூலில் பரப்புதல் பாராட்டாகாது. விருந்தினர் முன்னிலையில் "பாடிக் காட்டு" என வற்புறுத்தலும் அத்தகையதே. முதலில் இரு நண்பர் முன்னிலையில் வாசிக்கவும், பின்னர் வகுப்பில் பேசவும், அதன்பின் மேடையேறவும் படிப்படியாகப் பழக்குதல் நன்று. எதிரே இருத்தி வினவுவதினும், கண்டி ஏரிக்கரையில் உடன்நடந்து உரையாடுதல் எளிது. ஒருவர் முகத்தை மற்றவர் உற்றுநோக்க வேண்டாத அந்நடையில், நெடுநாள் அடைத்திருந்த சொல்லும் வெளிவரக்கூடும்.

அச்சம் மிகுந்து பிள்ளை பாடசாலைக்கே செல்ல மறுக்குமாயின், அதனைச் சோம்பலென்றோ பிடிவாதமென்றோ கடிதல் ஆகாது. மருத்துவரை நாடவேண்டும், தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்னும் தொலைபேசி எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.

ஆயிரம்பேர் அறிந்தும் ஒருவரும் அறியாதிருத்தல் பெருந்தனிமை. அந்தத் தனிமையை நீக்க இன்னும் ஆயிரவர் வேண்டியதில்லை. நகையாது, அவசரப்படாது, பிறரிடம் சொல்லாது செவிமடுக்கும் ஒருவர் வீட்டிலிருத்தல் போதும்.