கணைய அழற்சிக்குப் பட்டினி மருந்தல்ல

மேல்வயிற்றில் தாங்க முடியாத வலி, அது முதுகுக்கும் பாய்கிறது, வாந்தியும் நிற்கவில்லை. அப்போதும் நம் வணிகர்கள் பலர் வாயுத் தொல்லை என்று ஒரு சோடாவைக் குடித்துவிட்டுக் கல்லாவிலேயே உட்கார்ந்திருப்பார்கள். அது திடீர்க் கணைய அழற்சியாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நோய் அது.

இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் கணையம், உணவைச் செரிக்கும் நொதிகளைச் சுரக்கிறது. பித்தக்கல் வழியை அடைத்தாலோ, மதுப்பழக்கம் மிகுந்தாலோ, அந்த நொதிகள் கணையத்தையே அரிக்கத் தொடங்கும். சாப்பிட்டால் சுரப்பு கூடும், ஆகவே வயிற்றைக் காயப்போடு என்பதே நெடுங்காலம் மருத்துவர்கள் கையாண்ட முறை.

இன்று அது மாறிவிட்டது. உணவு போகாத குடலின் உட்சுவர் நலிந்துவிடுகிறது. குடலிலுள்ள கிருமிகள் அதைக் கடந்து, புண்பட்ட கணையத்தைத் தாக்குகின்றன. சரக்கு வந்து போகாத கிடங்கில் எலி குடியேறுவது நமக்குத் தெரியாததா!

'குளுக்கோஸ் ஏறுகிறதே, அது போதாதா?' என்று கேட்பார்கள். கணக்குப் பாருங்கள். 60 கிலோ எடையுள்ள நோயாளிக்கு நாளொன்றுக்குச் சுமார் 1500 முதல் 1800 கலோரி வேண்டும். அரை லிட்டர் 5 சதவீத குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது 100 கலோரிக்கு மேல் இல்லை. புரதம் அறவே கிடையாது. வரவின்றி முதலைத் தின்னும் கடையின் கதைதான்.

நோய் கடுமையாக இல்லாமல், நோயாளியால் சாப்பிட முடிந்தால், 24 மணி நேரத்துக்குள்ளேயே வாய்வழி உணவைத் தொடங்கலாம் என்று 2018-ல் அமெரிக்க இரைப்பைக் குடலியல் சங்கம் பரிந்துரைத்தது. வெறும் கஞ்சித் தண்ணீரில்தான் தொடங்க வேண்டும் என்பதும் இல்லை. குழைந்த சாதம், பாசிப்பருப்பு, இட்லி, வெண்ணெய் எடுத்த மோர் போன்ற கொழுப்புக் குறைந்த உணவு ஏற்றது. வாயால் முடியாதவருக்கு மூக்கு வழியே குழாய் விட்டு ஊட்டுவார்கள். அதுவும் முடியாதபோதுதான் ரத்தக்குழாய் வழி ஊட்டம். அதில் கிருமித் தொற்றும் அதிகம், செலவும் அதிகம்.

குழாய் போடவும் அவசரம் தேவையில்லை. நோய் முற்றக்கூடும் என்று கருதப்பட்டவர்களை நெதர்லாந்தின் 19 மருத்துவமனைகளில் ஆராய்ந்து, 2014-ல் முடிவை வெளியிட்டார்கள். முதல் நாளே குழாய் போட்டவர்களுக்கும், மூன்று நாள் பொறுத்து வாய்வழி உணவு கொடுத்துப் பார்த்தவர்களுக்கும் தொற்றிலோ இறப்பிலோ வேறுபாடு காணப்படவில்லை. பொறுத்தவர்களில் பெரும்பாலோருக்குக் குழாயே தேவைப்படவில்லை.

எப்போது, எதில் தொடங்குவது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நோயாளி வீட்டார் நம் கடைக்கு வந்து நெய்யும் முந்திரியும் கேட்டால், மருத்துவர் என்ன சொன்னார் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பொட்டலம் கட்டுங்கள்.